அந்த 26 நாள்!

"சாப்பிட ஆரம்பிச்சிடுச்சு சார். தைரியமா எடுத்துட்டுப் போங்க!"

நகரத்தில் நாய்க்குட்டி வாங்கியவர்கள் எல்லோரும் இந்த வசனத்தைக் கேட்டிருப்பீர்கள். விற்பவர் ஒரு தட்டை நீட்டுவார். அதில் பாலில் ஊறிய பிஸ்கட். குட்டி தள்ளாடித் தள்ளாடி வந்து, மூக்கை உள்ளே விட்டு, நாலு நக்கு நக்கும். தும்மும். மூக்கு நுனியில் பால் சொட்டும். உங்கள் வீட்டுக் குழந்தை கையைத் தட்டிக் குதிக்கும். அவ்வளவுதான், பணம் கை மாறிவிடும். அட்டைப் பெட்டியில் பழைய துண்டை விரித்து, பக்கத்துக்கு இரண்டு ஓட்டை போட்டு, ஆட்டோவில் ஏற்றிவிடுவோம்.

குட்டிக்கு வயது 30 நாள். மிஞ்சினால் 35.

இந்த வாரம் எனக்கு அந்த ஒரு வசனத்தோடுதான் சண்டை.

நம் வீட்டுக் குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதும் கோயிலில் வைத்துச் சோறு ஊட்டுகிறோம். தாய்மாமன் மடியில் உட்கார்ந்துகொண்டு குழந்தை ஒரு பருக்கையைச் சப்புக் கொட்டுகிறது. எல்லோரும் போட்டோ எடுக்கிறோம். அன்று சாயங்காலமே, "பையன் சோறு தின்ன ஆரம்பிச்சுட்டான், இனிமே அம்மா எதுக்கு?" என்று யாராவது தூக்கிக்கொண்டு போனால் விடுவீர்களா? போலீஸுக்குப் போவீர்கள்.

நாய்க்குட்டி விஷயத்தில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். நக்க ஆரம்பித்த நாளை, தாயிடமிருந்து பிரிக்கும் நாள் என்று நாமாக முடிவு செய்துவிட்டோம். பால் மறப்பது ஒரு நாள் காரியம் அல்ல. அது மூன்று வாரத்தில் தொடங்கி ஏழெட்டு வாரம் வரை நடக்கிற வேலை. அந்த வேலை பாதிகூட முடியாதபோது குட்டியை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். இரண்டாவது குற்றத்தைச் செய்பவர்கள் நாம்தான் என்பதால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

பிறந்து இரண்டு வாரம் ஆகும்போது குட்டிக்குக் கண் திறக்கிறது. அதையொட்டிக் காதும் திறக்கிறது. மூன்றாவது வாரம் பால் பற்கள் முளைக்க ஆரம்பிக்கின்றன. மொத்தம் 28. ஊசி மாதிரி இருக்கும், தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆறு குட்டிகள் அந்தப் பற்களோடு மடியில் தொங்கினால் தாய்க்கு எப்படி இருக்கும்? அது எழுந்து நிற்கிறது. நின்றபடியே பால் கொடுக்கிறது. எட்டாத குட்டி பின்னங்காலில் எம்பிக் குடிக்கிறது. நாலு நாள் கழித்து, குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் நடந்துபோய்விடுகிறது. இன்னும் சில நாள் கழித்து, கிட்டே வந்தால் உறுமுகிறது. அதற்கும் மசியாத குட்டியை வாயால் லேசாக அழுத்திக் கீழே படுக்க வைக்கிறது.

கூடவே இன்னொன்றும் நடக்கும். சில தாய் நாய்கள் தாங்கள் தின்றதை அரைகுறையாகச் செரித்த நிலையில் குட்டிகளின் முன்னால் கக்கும். பார்க்கிற நமக்குக் குமட்டும். வீட்டுக்காரர் அவசரமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார். ஆனால், குட்டிகள் ஓடிவந்து அதைத்தான் தின்னும். நாய் இனம் கண்டுபிடித்த முதல் குழந்தை உணவு அது. வெதுவெதுப்பாக, மசிந்து, இறைச்சியோடு, வயிற்றுக்குப் பழகிய பதத்தில்.

ஆக, தாய் பாலை ஒரேயடியாக நிறுத்துவதில்லை. இன்று கொஞ்சம் மறுக்கிறது, நாளை கொஞ்சம் கொடுக்கிறது. குட்டியின் வயிறும் அதே வேகத்தில் மாறுகிறது. இதில் தாய்க்கும் லாபம் இருக்கிறது. பால் மெல்ல மெல்லக் குறைந்தால் மடி தானாக வற்றும். பால் நிறையச் சுரக்கும் நேரத்தில் ஆறு குட்டிகளையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை தூக்கிக்கொண்டு போய்விட்டால், மடியில் பால் கட்டிக்கொள்ளும். வீங்கும். சீழ் வைத்துக் காய்ச்சல்கூட வரலாம். குட்டியைக் கொஞ்சுகிறவர்கள் யாரும் அந்தத் தாயை நினைப்பதில்லை. பல பேர் அதைப் பார்த்ததே இல்லை.

இப்போது காசு கணக்குக்கு வருவோம். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

முதல் மூன்று வாரம் விற்பவருக்குக் குட்டிகளால் பெரிய செலவு கிடையாது. தாய்க்கு நன்றாகத் தீனி போட்டால் போதும். பாலை அது கொடுத்துவிடும். அதைவிட முக்கியம், குட்டிகளின் மலம், மூத்திரம் எல்லாவற்றையும் தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். படுக்கை பளிச்சென்று இருக்கும். குட்டிகள் வேறு தீனி தின்ன ஆரம்பித்ததும் தாய் அந்தத் துப்புரவு வேலையை மெதுவாக விட்டுவிடுகிறது. அன்றிலிருந்து அந்த வேலை மனிதன் தலையில்.

ஆறு குட்டி. ஒரு நாளைக்கு நாலு வேளை. 30-ஆவது நாளிலிருந்து எட்டு வாரம், அதாவது 56-ஆவது நாள் வரை 26 நாள். பெருக்கிப் பாருங்கள். 624 சாப்பாடு. அத்தனைக்கும் ஊறவைத்து, மசித்து, தட்டு கழுவி, முகம் துடைத்து, தரை துடைத்து, பூச்சி மருந்து கொடுத்து, முதல் தடுப்பூசி போட்டு... யார் செய்வது? குட்டியின் வாழ்க்கையிலேயே விற்பவருக்கு அதிகச் செலவு வைக்கிற நாட்கள் இவைதான். குட்டி மிக அழகாக இருக்கிற நாட்களும் இவைதான். பஞ்சு உருண்டை மாதிரி, கைக்கு அடக்கமாக, தொப்பையோடு. வியாபாரம் தெரிந்த யாரும் இந்த இரண்டையும் கூட்டிப் பார்த்தால் என்ன முடிவுக்கு வருவார்கள்? "சாப்பிட ஆரம்பிச்சிடுச்சு சார்!"

அந்த வசனத்தின் சரியான மொழிபெயர்ப்பு: "இனிமே எனக்குச் செலவு சார்."

சட்டம் எதுவும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, பேஷாக இருக்கிறது. நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை தொடர்பாக மத்திய அரசு 2017-ல் போட்ட விதிகளின்படி, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. 2018-ல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளும் அதையே சொல்கின்றன. நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஒரு தாய் நாயை வருடத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல், ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேல் குட்டி போட வைக்கக் கூடாது. எல்லாம் காகிதத்தில் கனகச்சிதம்.

இந்த விதிகளின் தாய்ச் சட்டம் 1960-ல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம். மிருகத்தை வதைத்தால் முதல் தடவைக்கு அந்தச் சட்டம் சொல்லும் அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இன்றைக்கு நீங்கள் வாசற்படியில் நின்று டெலிவரி பையனுக்குக் கொடுக்கிற டிப்ஸ் அதைவிட அதிகம். இந்தச் சட்டத்துக்குப் பயந்து ஒரு குட்டிக்கு 26 நாள் சோறு போடுவார் என்று யாரையாவது எதிர்பார்க்க முடியுமா?

எனவே சட்டத்தை விடுங்கள். நம்மைப் பார்ப்போம்.

2003-ல் ஒரு செல்போன் விளம்பரம் வந்தது. ஒரு பையன் எங்கே போனாலும் பின்னாலேயே ஒரு பக் நாய் போகும். ஊரே உருகியது. தெருவுக்குத் தெரு எல்லோரும் பக் கேட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு நாய். லாப்ரடார் என்றோம், கோல்டன் ரெட்ரீவர் என்றோம், சென்னை வெயிலில் ஹஸ்கி என்றோம். விற்பவரிடம் என்ன கேட்கிறோம்? "கே.சி.ஐ. பேப்பர் இருக்கா? அப்பன் சாம்பியனா? கலர் இதுக்கு மேல கறுக்காதே?" இவ்வளவு கேட்கிறவர்கள் கேட்காத ஒரே கேள்வி: "இதோட அம்மா எங்கே?"

சரி, பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. அப்புறம்?

முதல் நாள் ராத்திரி முழுக்க குட்டி கத்தும். முந்தின நாள்வரை ஐந்து உடம்புகளோடு ஒட்டிப் படுத்திருந்தது, இன்று மார்பிள் தரையில் தனியாகக் கிடக்கிறது. பசி என்று நினைத்துப் பால் ஊற்றுகிறோம். பசும்பால். அதிலும் "கெட்டியா இருந்தா செரிக்காது" என்று பாதிக்குப் பாதி தண்ணீர்.

நாய்ப் பாலும் பசும்பாலும் ஒன்றல்ல. நாய்ப் பாலில் கொழுப்பு ஏறக்குறைய 9 சதவிகிதம், புரதம் 7 முதல் 8 சதவிகிதம். பசும்பாலில் கொழுப்பு 4-ஐ ஒட்டி, புரதம் 3 சொச்சம். பாக்கெட்டில் வரும் டோன்டு பாலில் கொழுப்பு வெறும் 3. அதில் தண்ணீரையும் கலந்தால் என்ன மிஞ்சும்? வெள்ளையாக ஒரு திரவம். ஆனால், ஒன்று மட்டும் பசும்பாலில் அதிகம். லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை. குட்டிக்கு வேண்டியது குறைவாகவும் செரிக்காதது அதிகமாகவும் இருக்கிறது. நிறையக் குடித்தால் பேதியாகும். பெரிய நாய்க்குப் பேதியானால் ஒரு நாள் படுத்து எழுந்துவிடும். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ குட்டிக்கு உடம்பில் இருக்கும் தண்ணீரே கொஞ்சம். அது ஒரே ராத்திரியில் வற்றிவிடும்.

சில பேர் பால் புட்டி வாங்கி, குட்டியை மனிதக் குழந்தை மாதிரி மல்லாக்கப் படுக்க வைத்துப் புகட்டுகிறார்கள். போட்டோவுக்கு அழகாக இருக்கும். பால் புரையேறி நுரையீரலுக்குள் போகும். நாய்க்குட்டி எப்போதும் குப்புற இருந்துதான் பால் குடிக்கும், தாயிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தாயைத்தான் நாம் பார்க்கவில்லையே!

அடுத்தது அந்தத் தொப்பை. "நல்லா சாப்பிடுது, வயிறு பாருங்க டம்முனு இருக்கு" என்று பெருமைப்படுகிறோம். பாதி நேரம் அது சாப்பாடு இல்லை, பூச்சி. நாய்களின் உருண்டைப் புழு, குட்டி பிறப்பதற்கு முன்பே தாயின் வயிற்றுக்குள் இருந்து தொற்றிக்கொள்ளும். பாலின் வழியாகவும் வரும். கொக்கிப் புழுவும் பால் வழியாக வரும். அதனால்தான் இரண்டாவது வாரத்திலேயே பூச்சி மருந்தை ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுக்கச் சொல்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். சந்தையில் வாங்கிய குட்டிக்கு இதையெல்லாம் யார் கொடுத்தார்கள்? கேட்டால், "எல்லாம் போட்டாச்சு சார்" என்று பதில் வரும். எந்தத் தேதியில், என்ன மருந்து, எந்த டாக்டர் என்று கேட்டுப் பாருங்கள்.

இதோடு பார்வோ வைரஸ். தாய்ப்பால் தந்த எதிர்ப்பு சக்தி குட்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். தடுப்பூசி பொதுவாக 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, 16 வாரம் வரை மறுபடியும் மறுபடியும் போட வேண்டியது. நாம் குட்டியை எடுத்து வருவது 30-ஆவது நாளில். தாய் கொடுத்த கவசம் கழன்றுகொண்டிருக்கிறது, ஊசி தருகிற கவசம் இன்னும் வரவில்லை. இடம் மாறிய பயம், தீனி மாறிய பேதி, வயிற்றில் பூச்சி, சந்தையில் பக்கத்துக் கூண்டிலிருந்து ஒட்டிக்கொண்ட கிருமி. நாலும் ஒரே வாரத்தில் சேர்ந்து தாக்குகின்றன. நாலாவது நாள் குட்டி சாப்பிடாது. ஐந்தாவது நாள் ரத்தபேதி. ஏழாவது நாள் வீட்டுக் குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது பெட்டி காலி.

வீட்டுப் பெரியவர் பெருமூச்சு விடுவார்: "நமக்கு நாய் ராசியில்லை."

ராசியைக் குறை சொல்லாதீர்கள். அது இந்த வியாபாரத்தில் பங்குதாரர் இல்லை.

இந்த இடத்தில் உங்களில் பல பேர் கையைத் தூக்குவது எனக்குத் தெரிகிறது. "எங்க தாத்தா காலத்துல பால் சோறு போட்டுத்தான் நாய் வளர்த்தோம். நல்லா பதினாலு வருஷம் இருந்துச்சு."

இருந்திருக்கும், மறுக்கவில்லை. தாத்தா வீட்டு நாய் வைக்கோல்போர் அடியில் குட்டி போட்டது. குட்டிகள் இரண்டு மாதம் தாயோடுதான் கிடந்தன. தாத்தா போட்ட பால் சோறு மேல்படி. கீழே தாய்ப்பால் இருந்தது, தாய் கக்கியது இருந்தது, வயல் எலி இருந்தது, கோழி அறுத்த மிச்சம் இருந்தது. நீங்கள் மேல்படியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதையே முழுச் சாப்பாடாக அபார்ட்மென்ட்டில் போடுகிறீர்கள். இன்னொன்று. அந்த ஈத்தில் எத்தனை குட்டிகள் பிழைத்தன என்று தாத்தாவைக் கேட்டீர்களா? பதினாலு வருடம் இருந்த நாய்க்குப் பெயர் இருந்தது, நினைவில் இருக்கிறது. பதினாலாவது நாள் போன குட்டிகளுக்குப் பெயரே வைக்கவில்லை.

அடுத்த கை, சைவ வீடுகளிலிருந்து. "எங்க வீட்ல தயிர்சாதம்தான். அதுவே பழகிடும்."

பழகும். பசித்தால் எதுவும் பழகும். ஆனால், வளர்கிற குட்டியின் தீனியில் ஈரத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் குறைந்தது 22.5 சதவிகிதம் புரதம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கம் வகுத்த அளவு. வளர்ந்த நாய்க்கு 18 போதும். அரிசியில் இருப்பது ஏறக்குறைய 7. தயிர் கொஞ்சம் கூட்டும், ஈடுகட்டாது. உங்கள் நம்பிக்கைக்கு நான் மரியாதை தருகிறேன். உங்கள் நாக்குக்கு நீங்கள் விரதம் இருக்கலாம். எலும்பும் தசையும் வளர்கிற மாதத்தில் இன்னொரு ஜீவனுக்கு நீங்கள் விரதம் வைக்க முடியாது. இறைச்சி வீட்டுக்குள் வரக்கூடாது என்றால், வளரும் குட்டிகளுக்கென்றே தயாரித்த உலர் தீனி கிடைக்கிறது. அதிலும் இறைச்சி இருக்குமே என்று தயங்கினால், முயல் வளர்க்கலாம். முயல் உங்களுக்குத் தோதான ஆள்.

அசைவ வீட்டுக்காரர்கள் சிரிக்க வேண்டாம். எலும்பில்லாத கறியை மட்டும் வேகவைத்துப் போட்டால் புரதம் கிடைக்கும், சுண்ணாம்புச் சத்து கிடைக்காது. முன்னங்கால் வில்லாக வளையும். குழம்பில் கிடந்த கறியை எடுத்துப் போட்டால் அதில் வெங்காயமும் பூண்டும் இருக்கும். இரண்டுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை.

அப்படியென்றால் எப்படித்தான் பால் மறக்கடிப்பது? வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் சமையலறைப் பதத்திலேயே சொல்கிறேன்.

மூன்றரை வாரம் அளவில், தாயை ஒரு மணி நேரம் வெளியே அழைத்துப் போங்கள். குட்டிகளுக்கான உலர் தீனியை வெந்நீரில் ஊறவைத்து, மசித்து, கூழ் பதத்தில் ஆறவிடுங்கள். விளிம்பு உயரமில்லாத தாம்பாளத்தில் ஊற்றி, விரலில் தொட்டு வாயோரம் தடவுங்கள். மூக்கைப் பிடித்து அமுக்காதீர்கள். முதல் நாள் பாதி மேலே, பாதி தரையில். குட்டி கூழுக்குள் இறங்கி நடக்கும். சிரித்துவிட்டுத் துடைத்துவிடுங்கள். பிறகு தாயை உள்ளே விடுங்கள். மிச்சத்தைத் தாய் தின்னும், குட்டிகள் பால் குடிக்கும். அது தோல்வி இல்லை, அப்படித்தான் நடக்க வேண்டும்.

ஐந்தாவது வாரம் குழைந்த பொங்கல் பதம். ஆறாவது வாரம் உப்புமா பதம். ஏழாவது வாரம் லேசாக ஈரப்படுத்தினால் போதும். நாளுக்கு நாலு வேளை. பக்கத்தில் எப்போதும் சுத்தமான தண்ணீர். தினமும் சமையலறைத் தராசில் ஒவ்வொரு குட்டியையும் நிறுத்து எழுதி வையுங்கள். எடை ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறாமல் நின்றாலே டாக்டரிடம் போங்கள், பேதி வரும்வரை காத்திருக்காதீர்கள். தட்டை முரடன் ஒருவன் ஆக்கிரமித்துக்கொண்டால், நோஞ்சானுக்குத் தனித் தட்டு வையுங்கள்.

அவ்வளவுதான். இதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. வேலைதான் இருக்கிறது. அந்த வேலையைத்தான் எல்லோரும் அடுத்தவர் தலையில் தள்ளுகிறார்கள்.

"இருந்தாலும் சின்னதா எடுத்தாதான் நம்மகிட்ட ஒட்டும்" என்று ஒரு வாதம் பாக்கி இருக்கிறது. அதையும் முடித்துவிடுவோம்.

அமெரிக்காவின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்று இரண்டு விஞ்ஞானிகள் பல வருடம் குட்டிகளை வளர்த்துக் கவனித்து, 1965-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். குட்டி மற்றவர்களோடு உறவு பழகுகிற காலம் ஏறக்குறைய 3-ஆவது வாரத்திலிருந்து 12-ஆவது வாரம் வரை என்றார்கள். எட்டாவது வாரத்தில் எடுத்தாலும் உங்களுக்கு நாலு வாரம் முழுசாகக் கிடைக்கிறது. அதற்கு முந்தைய வாரங்களைத் தாய்க்கும் கூடப் பிறந்ததுகளுக்கும் விட்டுக்கொடுங்கள். கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்வது அங்கேதான். அண்ணன் காதை அழுத்திக் கடித்தால் அண்ணன் வீலென்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். இரண்டு தடவையில் பாடம் மண்டையில் ஏறும். இந்தப் பாடத்தை உங்களால் நடத்த முடியாது, உங்கள் தோல் வேறு.

2011-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் 'வெட்னரி ரெக்கார்ட்' இதழில் ஒரு ஒப்பீட்டை வெளியிட்டார்கள். 30 முதல் 40 நாளில் தாயைப் பிரிந்த 70 நாய்கள், இரண்டு மாதத்தில் பிரிந்த 70 நாய்கள். வளர்ந்தபின் எப்படி இருக்கின்றன என்று வளர்ப்பவர்களைக் கேட்டார்கள். ஓயாமல் குரைப்பது, வெளியே போனால் பயப்படுவது, சத்தத்துக்கு மிரள்வது, சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தொட்டால் சீறுவது, பொருட்களைக் கடித்துக் குதறுவது... எல்லாமே சீக்கிரம் பிரிந்த நாய்களிடம்தான் அதிகம்.

அந்த நாய்கள் நம் ஊரில் என்ன ஆகின்றன? மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாடியில் கட்டிப் போடுவார்கள். பிறகு ஒரு ராத்திரி, காரில் ஏற்றி ஊர் எல்லையில் இறக்கிவிட்டு வந்துவிடுவார்கள். 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லித் தெரு நாய்களையெல்லாம் பிடித்து அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஆகஸ்ட் 22 அன்று, வெறி பிடித்தவை, மூர்க்கமானவை நீங்கலாக மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்லி மாற்றியது. நாடே இரண்டாகப் பிரிந்து டி.வி-யில் கத்தியது. தெருவில் நிற்கிற நாயைப் பற்றி அத்தனை கூச்சல். தெருவுக்கு நாயை அனுப்பி வைக்கிற வீடுகளைப் பற்றியும், 30 நாள் குட்டியை அடுக்கி வைத்த அட்டைப் பெட்டிகளைப் பற்றியும் யாராவது கத்தினார்களா?

கடைசியாக, கருணை உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

தெருவோரக் குழாய்க்குள், நின்ற லாரிக்கு அடியில் நாலு குட்டி கத்திக்கொண்டிருக்கும். பார்த்தவுடன் மனசு இளகி, "ஐயோ, அநாதை" என்று அள்ளிக்கொண்டு போகிறீர்கள். தாய் செத்துக் கிடந்தால் நீங்கள் செய்வது புண்ணியம். நாய்க்குட்டிக்கான பால் பவுடர் வாங்கிக் கொடுங்கள், உடனே மருத்துவரைப் பாருங்கள். ஆனால், பெரும்பாலும் தாய் இரை தேடிப் போயிருக்கும். அரை மணி நேரத்தில் மடி நிறையப் பாலோடு ஓடி வரும். வந்து காலி இடத்தை மோந்து மோந்து சுற்றும். கடையில் நடந்தால் அதற்குப் பெயர் வியாபாரம், உங்கள் கையால் நடந்தால் பெயர் மீட்பு. குட்டிக்கு இரண்டும் ஒன்றுதான். தள்ளி நின்று பாருங்கள். தாய் வந்தால் தாய்க்குச் சோறும் முட்டையும் வையுங்கள். அதைவிடச் சிறந்த குட்டித் தீனி உலகத்தில் இல்லை.

வாங்குகிறவர்களுக்கு என் கோரிக்கை மிகச் சின்னது. தாயைக் காட்டச் சொல்லுங்கள். குட்டி தாயோடு இருப்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். பிறந்த தேதியைக் கேளுங்கள். வாயைத் திறந்து பாருங்கள், கடைவாயில் பல் இல்லாமல் வெறும் ஈறாக இருந்தால் "ரெண்டு மாசம் ஆச்சு சார்" என்பது பொய். பூச்சி மருந்து, தடுப்பூசி அட்டையில் டாக்டர் கையெழுத்து இருக்கிறதா பாருங்கள். என்ன தீனிக்குப் பழகியிருக்கிறது என்று கேட்டு, அதையே ஒரு வாரத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள். எட்டு வாரம் ஆகவில்லை என்றால், "முன்பணம் தர்றேன், 26 நாள் கழிச்சு வர்றேன், அதுவரை அம்மாகிட்டயே இருக்கட்டும், சாப்பாட்டுச் செலவும் என்னுது" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல மனிதராக இருந்தால் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார். "இப்பவே எடுத்தா எடுங்க, இல்லேன்னா வேற பார்ட்டி நிக்குது" என்றால் வெறுங்கையோடு திரும்பி வந்துவிடுங்கள்.

வீட்டுக் குழந்தை அழும். அழட்டும். அந்த அழுகை 26 நாளில் நின்றுவிடும்.